காட்டாக்கடைக் காற்று

மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் திரவியம் பெண்டாட்டி ராஜபாய்க்குப் போன் போடுவார். பட்டணத்தில், சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஆணியும் கம்பியும் விற்கிற கடை அவருடையது. கடைக்குப் பக்கத்தில் ஆரியசாலையில் குடியிருந்தபோதுதான் அவளுக்கு இருமலும் மூச்சிழுப்பும் வந்தன. சரக்கு லாரிகள் சன்னலுக்குக் கீழேயே நின்று உறுமும். காயப்போட்ட துணியில் கரி ஒட்டும். புகைதான் காரணம் என்று அவரே தீர்மானித்தார். அந்த வீட்டைத் தம்பி பிச்சைக்கனியின் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, காட்டாக்கடைக்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வீடு கட்டி அவளைக் குடிவைத்தார். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். “அண்ணன் மைனிக்குக் காத்தையும் ஹோல்சேல்ல வாங்கிப் போட்டாச்சு” என்று பிச்சைக்கனி கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

போனில் தினமும் ஒரே கேள்விதான்: முற்றத்தில் இருக்கிறாயா? வெயில் சாயும்வரை வெளியே உட்கார்ந்து நல்ல காற்று வாங்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வேனல் முற்ற முற்ற இழுப்பும் கூடியது. வாங்குகிற காற்று போதவில்லை என்று நினைத்தார். சாப்பிட்ட கையோடு வெளியே போய் இருக்கச் சொன்னார். மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொன்னார். அவளும் இழுத்துவிட்டாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு சுமி வேலியோரம் வந்தபோது, ராஜபாய் பேசமுடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். உதடு கறுத்திருந்தது. சுமி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். திரவியம் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஓடிவந்தார்.

டாக்டர் ரெம்யா சின்ன வயது. பட்டணத்துப் புகை கடற்காற்றோடு இந்தப் பக்கம் வருகிறது, வருகிற வழியில் வெயிலில் வெந்து ஓசோன் என்கிற வாயுவாக மாறுகிறது என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னாள். பட்டணத்துக்குள் வண்டிப்புகையே அந்த வாயுவைக் கொஞ்சம் தின்றுவிடும். இங்கே தின்ன ஆளில்லை. வெயில் ஏறிய மத்தியானத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அம்மா எங்கே இருப்பார்கள் என்று கேட்டாள்.

ராஜபாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“வீட்டுக்குள்ளதான்” என்றாள்.

டாக்டர் யோசித்தாள். உள்ளே இருந்துமே இப்படியென்றால் மருந்தை நன்றாகக் கூட்டவேண்டும் என்று எழுதத் தொடங்கினாள். திரவியம் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“முற்றத்திலே இருப்பா டாக்டரே” என்றார். “நான்தான் இருக்கச் சொன்னது.”

பேனா நின்றது. டாக்டர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, சன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்தார். ராஜபாய் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்துக்கு அங்க பொய் சொன்ன?” என்று கேட்டார்.

“ஒங்க மொகத்தப் பாக்கமுடியல்ல.”

கடைசிச் சன்னலையும் அவர் அடைத்தபோது அவளே பேசினாள். “ஆரியசாலைல காலம்பற இருமலு. இங்க மத்தியானம் இழுப்பு. பின்னே நான் எங்க போய் மூச்சு விடட்டும், சொல்லுங்க.”

பிச்சைக்கனியிடம் வீட்டைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டாலும் லாரி அங்கேதான் நிற்கும். கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் இறங்கினார். வானம் ஒரு கறை இல்லாமல் நீலமாக இருந்தது. மேற்கே கடல் பக்கமிருந்து காற்று கிளம்பிவந்து, ரப்பர் மரங்களின் புதுத் தளிரையெல்லாம் ஒருசேரப் புரட்டியது. அழகாகத்தான் இருந்தது. அது முகத்தைத் தொட்டுக் கடந்துபோகிறவரை, அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.