திருப்பிப் போட்ட கதிரை

ரபீகா மிஸ்ஸின் அறையில் இரண்டு கதிரைகள் எதிரெதிரே இருந்தன. முதல் நாள் என்னுடையதைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது முகம் காட்டாமல் பேசிப் பழகியவன் நான். அவர் ஏனென்று கேட்கவில்லை. கண்டி டவுனில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், மனம் நொந்து வருபவர்கள் சொல்வதைக் கேட்பது அவர் தொழில். அதற்கு மேல் ஏதாவது தருவார் என்று நம்பித்தான் போனேன்.

வத்தேகமயில் தமிழ் ஆசிரியராக இருக்கிறேன். மூன்று வாரமாக மருத்துவ லீவு. வகுப்பு வாசலில் கால் வைத்தால் தொண்டை அடைத்துவிடுகிறது. திங்கட்கிழமை லீவு முடிகிறது. அதற்குள் குரல் திரும்ப வேண்டும்.

மூன்றாவது தடவைதான் நடந்ததைச் சுவரிடம் சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்பில் ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். தவமலர் என்ற தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, லயத்துக் காம்பராவில், ஒரே ஓர் அறையில், ஒன்பது பேர் இருப்பதாகவும், மேசைக்கு மேலே தம்பியும் கீழே தானும் படுப்பதாகவும் எழுதியிருந்தாள். உரக்க வாசித்தேன். “இது வீடா, கோழிக்கூடா?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

“பங்குச் சாமிகிட்ட சொன்னேன், மிஸ். பத்து மந்திரம் செபிக்கச் சொன்னாரு. பத்து நிமிசத்துல முடிஞ்சிருச்சி. ஆனா இது போகல. நீங்க பெருசா ஏதாவது சொல்லுங்க, செய்யிறேன்.”

கீழே பஸ் கொண்டக்டர் ஒருவர் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“பாரமான தண்டன ஒண்டு கெடச்சா இது முடிஞ்சிரும் எண்டு நினைக்கிறீங்க” என்றார் மிஸ்.

“ஆமா.”

“உங்களுக்கு முடிஞ்சாப் போதும் எண்டு இருக்குது.”

எனக்கு எரிச்சல் வந்தது. “நான் சொன்னதையே திருப்பிச் சொல்றதுக்கு ஒரு கிளிய வளத்திருக்கலாமே, மிஸ்!”

அவர் சிரித்துவிட்டார். “கிளி என்னய விட வடிவாச் சொல்லும், சேர்.” பிறகு மெதுவாக, “நான் ஒரு தண்டன தந்தா அது என்னோட தண்டன. உங்கட மனசுல என்ன கெடக்கு எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை. எழுந்து கதிரையைத் திருப்பிப் போட்டு, அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“அவ பொய் எழுதினான்னு நான் சிரிக்கல, மிஸ். உண்மைன்னு தெரியும். நானும் மேசைக்குக் கீழ படுத்து வளந்தவன்தான். ஸ்கூல்ல ஒருத்தருக்கும் தெரியாது. டவுன்ல பொறந்தவன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அவர் பார்வையை விலக்கவில்லை. “அந்த நேரம் உங்களைக் கண்டுபிடிச்சிருவாங்க எண்டு பயந்துட்டீங்க.”

அழுதேன். கைக்குட்டையைக்கூட அவர் நீட்டவில்லை. மேசையில் இருந்ததை நானே எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். போகும்படி யாரும் சொல்லவில்லை. தவமலரின் தாய் ரத்தினம்மா, “வாங்க சேர், உக்காருங்க” என்று இருந்த ஒரே கதிரையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதில் உட்கார எனக்குக் கூசியது. நின்றபடியே தவமலரிடம் மன்னிப்புக் கேட்டேன். என் மேசையைப் பற்றியும் சொன்னேன்.

கதவோரம் நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். “இதையும் வகுப்புல சத்தமா வாசிப்பீங்களா, சேர்?”

“வாய மூடு புள்ள!” என்றார் தாய்.

பதில் சொல்லாமல் வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

“சொல்றேன். நீ வந்தாலும் வராட்டியும்.”

திங்கட்கிழமை வகுப்பில் அவள் இடம் காலியாகத்தான் இருந்தது. நானும் மேசைக்குக் கீழே படுத்து வளர்ந்தவன்தான் என்று சொன்னேன். குரல் உடைந்துதான் வந்தது. சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நானும் சிரித்ததுதான். அதட்டவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. திரும்பாமல் நின்றேன்.