இருபத்திரண்டாவது டெலிவரி

தாய்மாமன் தூக்கினால் மூன்று கிலோ இருநூறு கிராம் இருந்த அந்தப் பெண் குழந்தை, பெற்ற அப்பா தூக்கினால் எண்ணூற்று நாற்பது கிலோ இருந்தாள். முதல்முறை அவர் மடியில் வாங்கியபோது ஆஸ்பத்திரி நாற்காலியின் கால்கள் நான்கு பக்கமும் பரப்பிக்கொண்டன, தரையில் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டன. நர்ஸ் ஓடி வந்து குழந்தையை ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டு, "பாத்து வாங்கக் கூடாதா சார்?" என்று கடிந்துகொண்டாள். டாக்டர் தாயும் சேயும் நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெல்டிங் பட்டறை வைத்திருந்த தாய்மாமன், மறுவாரம் தனக்குத் தெரிந்த பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் அப்பாவையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்து, அப்பாவின் எடையைக் கழித்துச் சரியான கணக்கைக் கண்டுபிடித்தார். குழந்தையைப் பார்க்க வந்த, அப்பா வேலை செய்யும் கார் ஷோரூமின் மெக்கானிக், எண்ணைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. "நம்ம சின்ன காரோட வெயிட்டு. பெட்ரோல் ஊத்தாம" என்றான்.

அப்பா கார் விற்பவர். விலை பேசத் தொடங்குமுன்பே வாடிக்கையாளரின் உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மூடிவிடுவார்; பிடித்த கை விடாது என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால் சாவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஷோரூமில் மேனேஜர் ஒருவர் இருந்தார். மனிதர் எதற்கெடுத்தாலும் எல்லோரையும் கைதட்டச் சொல்வார், பிறந்தநாளுக்கும் தட்டு, பிரிண்டர் சரியானதற்கும் தட்டு. ஊழியர்கள் தளர்ந்துபோனதாக ஹெட் ஆபீஸ் குறைபட்ட வருஷத்தில், அவர்தான் போட்டியைக் கொண்டுவந்தார். சுவரில் வெள்ளைப் பலகை, ஒரு டெலிவரிக்கு ஒரு நட்சத்திரம், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மணி. மாதக் கடைசியில் அடிமட்டத்தில் இருப்பவர் மேசையில் ஒரு ஆமை பொம்மை. எல்லாம் சும்மா ஒரு ஜாலிக்கு என்று மேனேஜர் சொன்னார், ஆனால் ஆமை கிடைத்தவர்கள் மதியச் சாப்பாட்டைத் தனியாகக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த ஆண்டின் கடைசி மாதத்தில் முதலிடம் பிடிப்பவருக்கு உதவி மேனேஜர் நாற்காலி என்று அறிவித்த பிறகு யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

கடைசி நாளன்று சாவிக்கு இருபத்தொன்று, மெதுவாவுக்கும் இருபத்தொன்று. மெதுவா என்பவர் ஷோரூமிலேயே மூத்தவர். வருகிறவர்களிடமெல்லாம் "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லியே வண்டி விற்ற அதிசய மனிதர். ஐம்பத்தாறு வயதில் அந்த நாற்காலி அவருக்குக் கடைசி வாய்ப்பு. அன்று காலை சாவியின் மனைவிக்கு வலி எடுத்தது. "நாலு மணிக்கு ஒரே ஒரு டெலிவரி, முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லி, மைத்துனரைத் துணைக்கு அனுப்பிவிட்டு அவர் வேலைக்குப் போனார். நாலு மணிக்கு வந்த ஆள் சாவியைக் கையில் பிடித்தபடி காரை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படித் திருப்பிக் கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

அந்த நேரத்தில், செல்போனை அணைத்து வைத்திருந்த சாவியைப் பிடிக்க முடியாமல், மைத்துனர் ஷோரூம் எண்ணுக்கே போன் செய்தார். "டெலிவரி ஆயிடுச்சுன்னு அவருகிட்ட சொல்லிடுங்கம்மா. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்." ரிசப்ஷனில் இருந்த பெண் அந்த மாதம் முழுக்க இதே வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். மைத்துனரின் பெயரை டெலிவரி படிவத்தில் எழுதினாள், எழுந்து மணியை அடித்தாள். மேனேஜர் இருபத்திரண்டாவது நட்சத்திரத்தை ஒட்டி, ஹெட் ஆபீஸுக்கு மெயில் அனுப்பிவிட்டுத் தட்டச் சொன்னார். சாவி உள்ளே வந்தபோது எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் போனைப் போட்டார், மைத்துனர் பெண் குழந்தை என்றார். அது யாருடைய நட்சத்திரம் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. மெதுவா வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, மனசார வாழ்த்தினார். இல்லை சார், அது வேற டெலிவரி என்று சொல்ல சாவிக்கு அரை நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. "தேங்க்ஸ் சார்" என்றுதான் சொன்னார்.

விஷயம் பரிசளிப்பு விழாவில் உடைந்தது. இருபத்திரண்டு வாடிக்கையாளர்களின் பெயர்களைத் திரையில் ஓடவிட்டபோது, கடைசியாகத் தன் அண்ணன் பெயரும் தன் மகள் பிறந்த தேதியும் வருவதை சாவியின் மனைவி பார்த்தாள். அண்ணனிடம் சைக்கிளைத் தவிர வேறு வண்டி கிடையாது. வீட்டுக்கு வந்ததும், "என் பொண்ண வித்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் அப்படியெல்லாம் இல்லை, ஒரு சின்னத் தப்பு, எழுதிக் கொடுத்தால் ரத்தாகிவிடும் என்றார். "அப்ப எழுதிக் குடுங்க." எழுதினார். கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இப்போதே எழுந்தால் நன்றாகவா இருக்கும், இந்த மாசம் முடியட்டும் என்றார். மெதுவா அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு, யாரிடமும் எதையும் விற்க வேண்டாத ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போய்விட்டார். எழுதிய கடிதம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

குழந்தை வளர வளர எல்லோர் கையிலும் ஐந்து, ஏழு, பத்து என்று கூடினாள், அப்பா கையில் மட்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்த வீட்டார் அதற்கேற்ப நடந்துகொண்டார்கள். அவள் அப்பா மடியில் ஏறினாலும் தாங்கும்படி, கட்டிலுக்கு அடியில் மைத்துனர் இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். தூக்கம் வந்தால் அம்மாவிடம், அலமாரியின் மேல்தட்டு எட்டாவிட்டால் மாமாவிடம், கதை கேட்க அப்பாவிடம் என்று குழந்தையே பிரித்துக்கொண்டது. ஆனாலும் மூன்று வயது வரைக்கும், அவர் வேலைவிட்டு வரும்போதெல்லாம் வாசலில் நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டும். அவர் குனிந்து, தலையைத் தடவிவிட்டு, செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார்.

ஆறு வயதில் பூங்காவில் ஊஞ்சலிலிருந்து விழுந்து அவளுக்குக் கணுக்கால் முறிந்தது. கூட அவர் மட்டும்தான் இருந்தார். நடக்கத்தான் முடியாது, தூக்கவாவது பார்ப்போம் என்று கைகளைக் கொடுத்துத் தம் பிடித்துப் பார்த்தார். அவர் குதிகால்கள் மண்ணில் கணுக்கால் வரை இறங்கின, முதுகில் ஏதோ பிசகியது, குழந்தை ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அவர் அழுதார், வெட்கமில்லாமல் வாய்விட்டே அழுதார். "விடுப்பா, உனக்கு வலிக்கப் போவுது. மாமா வரட்டும், நான் இருந்துக்கறேன்" என்று குழந்தை அவருக்கு ஆறுதல் சொன்னது. மாமா சைக்கிளில் வர முக்கால் மணி நேரம் ஆனது, வந்தவர் ஒரு பூனைக்குட்டியைப்போல அவளை அள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் சாவி கடிதத்தை எடுத்து, தேதியை மட்டும் மாற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹெட் ஆபீஸுக்குக் கிளம்பினார். அதற்குள் அவர்தான் மேனேஜர். பழையவர் போகும்போது மணியையும் ஆமையையும் இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். வழியில் போன் வந்தது, காலாண்டு முடிய நாலு நாள்தான், மூன்று வண்டி குறைகிறது என்றார்கள். இந்த குவார்ட்டர் முடியட்டும் என்று அவர் காரைத் திருப்பினார். குவார்ட்டர்கள் முடிந்தன. ஒன்று முடிந்த மறுநாளே இன்னொன்று தொடங்கிவிடும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், அவருக்கும் தெரியாமல் இல்லை.

பதினான்கு வயதுப் பெண்ணை எந்த அப்பாவும் தூக்குவதில்லை. மகள் அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்து நின்ற ஒரு காலையில் சாவிக்கு இது சட்டென்று உறைத்தது, உடம்பே லேசாகிவிட்டதுபோல இருந்தது. அவள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனதும் மனைவியிடம் சொன்னார்: "இனிமே கவலை இல்ல. இந்த வயசுப் பொண்ணத் தூக்குன்னு யாரும் சொல்லப் போறதில்ல."

"ஆமா" என்றாள் அவள், தட்டுகளை எடுத்தபடி. "அவளும் கைய நீட்டறத விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு."