பெயர் மாறிய செய்தி

நவநீதகிருஷ்ணனுக்குப் பாளையம்பட்டியில் நோட்டுப் புத்தகக் கடை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் மட்டும் மூச்சு விட நேரமிருக்காது. மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுகிற வியாபாரம்தான். அந்த ஓய்வில், மதுரையிலிருந்து வருகிற ஒரு தினசரிக்கு அருப்புக்கோட்டைச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். எந்தத் தெருவில் சாக்கடைக்கு ஸ்லாப் போட்டார்கள், எந்த வார்டுக்குக் குழாய் இழுத்தார்கள், புது ரோடு எந்தப் பக்கமாக வரப்போகிறது என்று எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மதியம் ரெண்டு மணி மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான். மறுநாள் காலையில் மூன்றாம் பக்கத்தில் ஐந்து வரியாக வந்திருக்கும். அவன் பெயர் வராது. ஆனாலும் டீக்கடையில் நாலு பேர், “நம்ம நவநீதம் போட்டது” என்று சொல்லும்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

தொண்ணூற்றி ஒன்றில் அருப்புக்கோட்டை பஜார்ப் பக்கம் மூன்று மாடி வணிக வளாகம் ஒன்று எழும்பத் தொடங்கியது. ஊரில் அதற்கு முன்னால் அப்படி ஒரு கட்டடம் கிடையாது. மொத்தம் அறுபது கடை, உள்ளேயே படிக்கட்டு, மேலே ஓட்டல். நவநீதகிருஷ்ணன் அதைப் பற்றி மட்டும் ஐந்து தடவை எழுதினான். அடிக்கல் நாட்டியதை எழுதினான். முதல் தளம் போட்டதை எழுதினான். இனி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மதுரைக்குப் போக வேண்டியதில்லை என்று எழுதினான். அதை அவன் மனசார நம்பவும் செய்தான். பஸ்ஸில் போகும்போது அந்தக் கட்டடத்தைக் கண்டால், தானும் ரெண்டு செங்கல் எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கும்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். கட்டடம் விழுந்துவிட்டது என்று யாரோ கடையில் வந்து சொன்னார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். விழுந்தது முழுக் கட்டடமல்ல, ரெண்டாம் தளத்துச் சன்ஷேடு. கீழே சாந்துச் சட்டியோடு போன ஒரு சித்தாள் மேல் விழுந்திருந்தது. ஆளை லாரியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போதே உயிர் இல்லை என்றார்கள். தலையெல்லாம் சிமென்ட் தூசியாக, மேஸ்திரி காளிராஜ் மணல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தான்.

“யாருப்பா அந்தப் பிள்ளை?”

காளிராஜ் ஆள் நோட்டைப் புரட்டினான். “தங்கச்செல்வி. வயசு இருபத்தஞ்சு. வாகையேந்தல், திருச்சுழிப் பக்கம்.”

அவ்வளவுதான் கேட்டான். நேரே தபாலாபீசுக்குப் போய் மதுரைக்கு டிரங்க் கால் போட்டான். ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிச நடைதான். போயிருக்கலாம். சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தான். சாயங்காலம் கடைக்குச் சரக்கு வந்தது, போகவில்லை. மறுநாள் காலையில் ‘கட்டடம் இடிந்து பெண் பலி’ என்று ரெண்டு பத்தித் தலைப்பில் செய்தி வந்திருந்தது. அவன் அனுப்பியதில் அவ்வளவு பெரிதாக எதுவும் வந்ததில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பின்னாளில் அவனை அதிகம் குத்தியது அந்தச் சந்தோஷம்தான்.

நாலாம் நாள் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, காய்ச்சலில் காய்ந்துபோன உதடு. கையில் அந்தப் பேப்பர்.

“பேப்பர்ல எழுதுற அண்ணாச்சி நீங்கதானா?”

“ஆமா. என்னம்மா வேணும்?”

“நாந்தான் தங்கச்செல்வி. செத்தது நான் இல்ல அண்ணாச்சி.”

நவநீதகிருஷ்ணன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான்.

அவள் படியில் உட்கார்ந்து சொன்னாள். ஒரு வாரமாகக் காய்ச்சல். வேலையை விட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்று, பக்கத்து வீட்டு முத்துலட்சுமியைத் தன் இடத்துக்கு அனுப்பியிருந்தாள். பத்தொன்பது வயசுப் பிள்ளை, இன்னும் கல்யாணமாகவில்லை. ஆள் வந்தால் சரி, பேர் எதற்கு என்று மேஸ்திரி நோட்டில் பெயரை மாற்றவில்லை. அவள் போன நாலு நாளும் அவளைத் தங்கச்செல்வி என்றேதான் கூப்பிட்டிருக்கிறான்.

“அவளும் சிரிச்சுக்கிட்டே, ‘என்னங்க மேஸ்திரி’ன்னு போயிருக்கா. ராத்திரி வந்து எங்கிட்டச் சொல்லுவா, ‘மதினி, இன்னைக்கும் உம் பேருக்கு எட்டு வாட்டி திட்டு விழுந்துச்சு’ன்னு.”

ஆஸ்பத்திரியில் முத்துலட்சுமியின் அம்மா சண்முகவடிவு போய் அடையாளம் சொல்லி, அங்கே காகிதத்திலெல்லாம் பெயர் சரியாகிவிட்டது. பேப்பரில் மட்டும்தான் மாறிவிட்டது.

“எம் புருசன் திருப்பூர்ல கம்பெனியில இருக்காரு. டீக்கடையில பேப்பரப் படிச்சிட்டு, சட்டைகூட மாத்தாம பஸ் ஏறி வந்துட்டாரு. ஊருக்குள்ள வர்றப்ப அவுக வீட்டு வாசல்ல பொம்பளைகள்லாம் கூடி அழுதுக்கிட்டிருக்காக. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். என்னையப் பாத்துட்டாரு.” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். “சிரிச்சிட்டாரு அண்ணாச்சி. சத்தமாச் சிரிச்சிட்டாரு. ‘எம் பொண்டாட்டி உசுரோட இருக்கா’ன்னு எங் கையப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு. எழவு வீட்டு வாசல்ல வச்சு. அவரு மேலயும் தப்பில்ல. வழியெல்லாம் நான் செத்துட்டேன்னு நெனச்சு அழுதுக்கிட்டே வந்த மனுசன்.”

“அந்தம்மா என்ன சொன்னாக?”

“எந்திரிச்சு உள்ள போயிட்டாக. அதுலருந்து சண்முகவடிவு அத்தை எங்கிட்டப் பேசல. எம் மூஞ்சியவே பாக்கல. எம் பேருலதான் அவ செத்தா, இல்லையா? பேப்பர்லயாவது அவ பேரப் போடுங்க அண்ணாச்சி.”

மறுநாள் நவநீதகிருஷ்ணன் கடையைப் பூட்டிவிட்டுத் திருச்சுழி பஸ் ஏறினான். அங்கிருந்து வாகையேந்தலுக்கு மூன்று கிலோமீட்டர் நடை. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவில் வெடித்துக் கிடக்கிற கரிசல். சண்முகவடிவு கூரை வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். புருஷன் போய் ரொம்ப வருஷமாயிற்று, ஒரே மகள்.

அவன் தான் யார் என்று சொன்னான். தப்பு தன்னுடையது என்றும் சொன்னான். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தான். அவள், “தண்ணி குடிக்கீகளா?” என்று கேட்டாள்.

அவன் நோட்டை எடுத்து முழுப்பெயர் கேட்டான், வயசு கேட்டான், எத்தனாவது வரை படித்தாள் என்று கேட்டான். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தவள், போட்டோ இருக்கிறதா என்றதும் தலையை ஆட்டினாள்.

“எடுத்ததில்லைய்யா. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா எடுத்துக்கிருவோம்னு இருந்தோம். அவளுக்கு அந்தக் கட்டடத்து மேல கொள்ளை ஆசை. மொத நாள் சாயங்காலம் வேலை முடிஞ்சு உச்சி வரைக்கும் ஏறிப் பாத்தாளாம். நம்ம கம்மாக்கரை தெரியலம்மான்னு வந்து சொன்னா.”

திரும்பும் வழியில் காளிராஜைத் தேடிப் பிடித்தான். தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டபோது, அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். சன்ஷேடைத் தாங்கக் கீழே கொடுத்திருந்த முட்டுக் கம்புகளை ரெண்டு நாளிலேயே உருவச் சொல்லிவிட்டார்கள், மேல் தளத்துக்குக் கம்பு பற்றவில்லை என்று. “நான் சொன்னேண்ணே, காங்கிரீட்டு இன்னும் காயலன்னு. காண்ட்ராக்டர் கேக்கல. எம் பேரப் போட்டுறாதீக.”

ராத்திரியே எல்லாவற்றையும் எழுதினான். இறந்தவள் தங்கச்செல்வி அல்ல, முத்துலட்சுமி என்று. முட்டு எப்போது உருவப்பட்டது என்று. ரெண்டு மணி பஸ்ஸில் கவர் போயிற்று. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. திரும்ப எழுதி அனுப்பினான். மூன்றாம் தடவை மதுரைக்கே போய், ஆபீசில் செய்தி பார்க்கிறவர் முன்னால் நின்றான்.

“என்ன நவநீதம், ஒரு சித்தாள் பேருக்குப் போயி இம்புட்டு அலையுறீக? செத்தது ஒரு ஆளு, அது சரியாத்தானே வந்திருக்கு?”

“பேரு தப்பு சார்.”

“திருத்தம் போடணும்னா தினம் ஒரு பக்கம் வேணும். அந்தக் காண்ட்ராக்டர் விவகாரத்தை விட்டுருங்க, கேசு கீசுன்னு வரும். வளாகம் திறக்கிறப்ப நல்லா எழுதி அனுப்புங்க, படத்தோட போடுவோம்.”

தை மாதம் வளாகம் திறந்தார்கள். வாழை மரம், சீரியல் பல்பு, மேளம். நவநீதகிருஷ்ணனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். சன்ஷேடு விழுந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் பட்டுச்சேலை கட்டிய பொம்மை நின்றது. மேலே புதுச் சன்ஷேடுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்ன இடம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவன் செய்தியை நன்றாகத்தான் எழுதினான். கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: ‘இக்கட்டடப் பணியின்போது வாகையேந்தலைச் சேர்ந்த முத்துலட்சுமி என்ற தொழிலாளி உயிரிழந்தார்.’ மறுநாள் படத்தோடு அரைப்பக்கம் வந்தது. அந்த ஒரு வரி இல்லை.

ஊரில் பாராட்டினார்கள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சரஸ்வதி, “நீங்க என்ன செய்வீக, எழுதத்தானே முடியும்” என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

ஆவணி வந்தது. பேப்பரின் கடைசிப் பக்கத்தில் வழக்கமாக வருகிற கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சட்டென்று மதுரைக்குக் கிளம்பினான். அதே ஆபீஸ், கீழ்த்தளத்தில் விளம்பர கவுண்டர். அங்கே யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. போட்டோ இல்லையென்றால் விளக்குப் படம் போடலாம் என்றார்கள். செத்த விதத்தையும் அதில் எழுதியிருந்தான். கவுண்டரில் இருந்தவர் அதை மட்டும் பேனாவால் அடித்தார். “இதெல்லாம் விளம்பரத்துல வராது சார்.”

முத்துலட்சுமி இறந்து வருஷம் திரும்பிய நாள் காலையில் பேப்பரோடு வாகையேந்தலுக்குப் போனான். சண்முகவடிவு கருவேல விறகை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிற இடத்தில் வேலையாக இருந்தாள். கையெல்லாம் கரி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவன் நீட்டிய பக்கத்தை வாங்காமல் பார்த்தாள்.

“படிங்கய்யா.”

“முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ச. முத்துலட்சுமி. வாகையேந்தல். உன் பிரிவால் வாடும் தாயார் சண்முகவடிவு.”

“அவ பேருதானா?”

“அவ பேருதாம்மா.”

“அந்தக் கட்டடம் விழுந்து செத்தான்னு இருக்கா?”

“இல்லம்மா. எழுதினேன். போட மாட்டேன்னுட்டாங்க.”

அவள் தலையசைத்தாள். கோபமில்லை. அது அப்படித்தான் இருக்கும் என்று முன்னமே தெரிந்த மாதிரி ஒரு தலையசைப்பு. பிறகு பேப்பரை வாங்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். அவள் தன் வீட்டைத் தாண்டி அடுத்த வாசலில் போய் நின்றாள்.

“ஏ தங்கம்.”

உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. தங்கச்செல்வி ஓடி வந்து, வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். தோளில் ஒரு பெண்குழந்தை, மூன்று மாசம் இருக்கும்.

சண்முகவடிவு பேப்பரை நீட்டினாள். “உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமில்ல. படி. சத்தமாப் படி.”

தங்கச்செல்வி குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். “முத்...துலட்...சுமி.” அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அத்தை, நாந்தான அத்தை போகவேண்டியது” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சண்முகவடிவு குனிந்து, அடிக்கிற அந்தக் கையைப் பிடித்தாள். கரி அவள் விரலிலிருந்து தங்கச்செல்வியின் மணிக்கட்டில் அப்பியது. “வேணாம்டி. பச்சைப்பிள்ளை பயப்படுது” என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக அந்த ஊரில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை என்று பிறகு நவநீதகிருஷ்ணன் கேள்விப்பட்டான். கோழிகளெல்லாம் சிதறி ஓட, அப்படி ஓங்கி ஒரு அழுகை. அடுத்தடுத்த வீடுகளிலிருந்து பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த கைக்குக் கொடுத்தார்கள்.

ஆண்பிள்ளை அங்கே நிற்பது சரியில்லை என்று அவன் மெதுவாக விலகி ரோட்டுப் பக்கம் வந்தான். சத்தம் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டது. திருச்சுழிக்கு நடக்க ஆரம்பித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ரெண்டு மணி மதுரை பஸ்ஸுக்கு அன்றைக்கு அவனிடம் கவர் எதுவும் இல்லை.