பெட்டியில் விழுந்த வில்லை

…இல்லை, முதலில் கேட்டவன் செத்தான், அது தெரியாதா இவருக்கு, நாற்பது வருஷம் சீட்டு மேசையில் உட்கார்ந்து தேய்ந்த உடம்பு இது, பரிசைப் பிரிச்சுக்கலாமா என்று எவன் முதலில் வாயைத் திறக்கிறானோ அவன் பயந்துவிட்டான் என்று அர்த்தம், பயந்தவனை மற்றவர்கள் அடுத்த ஆட்டத்திலிருந்தே கொத்தத் தொடங்குவார்கள், அதனால் டெல்மர் ஹக்கபி தொண்டை வரை வந்த கேள்வியை ஆறிப்போன காப்பியோடு விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். யாராவது கேட்டுத் தொலையுங்களேன்… நேற்றுக் காலையில் இந்தச் சீட்டுப் போட்டியில் நூற்றுப் பதினெட்டுப் பேர், இப்போது நாலு பேர். முதல் பரிசு பதினையாயிரம் டாலர், அடுத்தது ஒன்பது, அதற்கடுத்தது ஆறு, நாலாவதாக எழுந்து போகிறவனுக்கு மூவாயிரத்து இருநூறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி நாலாக வெட்டினால் தலைக்கு எட்டாயிரத்து முன்னூறு. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி, ஆனால் இந்தக் கணக்கு மட்டும் இவருக்குத் தப்பியதில்லை. எட்டாயிரத்து முன்னூறு என்றால் ஆஸ்ட்ராண்டர் அம்மாள் வீட்டுக் கீழறை, ஒரு வருஷ வாடகை, மொத்தமாக முன்பணம், கடையும் இந்தச் சீட்டறையும் நடக்கிற தூரம், கார் வேண்டாம். மூவாயிரம் என்றால் எல்கோ ஊர் முதியோர் விடுதி. மருமகன் தாளெல்லாம் நிரப்பி வைத்துவிட்டான், வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்க வருகிறான், இன்றைக்கு ஞாயிறு.

காருக்கென்ன கேடு? காருக்கு ஒரு கேடும் இல்லை. இன்று காலையில் ஒரு லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே நாற்பது மைல் இந்த ரெனோ ஊருக்கு ஓட்டி வந்தார், லாரி திரும்பியிருந்தால் இவரும் திரும்பியிருப்பார். அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், கண் பரிசோதனை உண்டு… டாக்டர் சொன்னதை யாருக்கும் சொல்லவில்லை, கண்ணுக்குள்ளே திரை அரித்துக்கொண்டே போகிறதாம், கண்ணாடி போட்டாலும் உதவாதாம், முதலில் நிறம் போகுமாம், பிறகு நடுப்பார்வை. டாக்டர்கள் சொல்வதில் பாதி காசுக்காக. ஆனால் மதியம் ஒரு நல்ல கையைத் தூக்கி எறிந்தாரே, கிளாவரா ஸ்பேடா என்று தெரியாமல், அது எதற்காக? யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்நேரம் உரித்திருப்பார்கள். காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற வில்லைகளை அடுக்கின் உயரத்தை வைத்துத்தான் எண்ணுகிறார், விரலால், நிறத்தைப் பார்த்து அல்ல.

கடைசியில் லுவான்தான் கேட்டாள். லுவான் பெட்டிபோன், முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள், அந்தத் தொண்டை இன்னும் இறங்கவில்லை. "எனக்கு இடுப்பு ஒடியுதுப்பா. ஆட்டத்துக்கு ஆட்டம் வைக்கிற கட்டாயப் பந்தயம் ஏறின ஏத்தத்துக்கு இது ஆட்டமே இல்ல, காசு சுண்டுற மாதிரிதான். நாலாப் பிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போலாமா?" கேட்டவுடன் மூன்று தலையும் இவர் பக்கம் திரும்பின. செம்மறிப் பண்ணைக்கார எச்செவெரி, வில்லை கொஞ்சம் அதிகம் வைத்திருப்பவர், சிரித்தார்: "அவனை ஏன் பாக்குற? சுவத்துக்கிட்ட கேட்டாலும் பதில் வரும்." காதுமாட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பையன் ட்ரெவின், "எனக்குச் சரிதான், பெருசு என்ன சொல்லுதோ" என்றான். இந்த லுவானை நம்பலாமா? காலையில் வரிசையில் நிற்கும்போதே வம்புக்கு வந்தவள், "ஏய்யா டெல்மர், ஒரு கால்ல கறுப்பு, ஒரு கால்ல பச்சை, சர்க்கஸ்ல சேந்துட்டியா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. இரண்டு காலுறையும் கறுப்புதான், இவரே எடுத்துப் போட்டது. ஆட்டத்துக்கு முன்னால் ஆளைக் கலைக்கிற தந்திரம், இவருக்குத் தெரியாததா. "உன் கண்ணைக் கொண்டுபோய்க் காட்டு" என்று சொல்லி விரட்டினார்.

முடியாது. அதுதான் இவர் பெயர் இங்கே, முடியாது டெல்மர். வின்னமக்காவில் ஒருநாள் மச்சான் ஆரினோடு கை குலுக்கிப் பாதிப் பாதி என்று பேசி, வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்து, வாசலுக்கு வந்து பார்த்தால் ஆரினும் இல்லை ஆரின் காரும் இல்லை, சம்மதம் சொல்வது அன்றைக்கு நின்றது. பிறகு எவன் கேட்டாலும் முடியாது, ஒருவன் மறுத்தாலும் பிரிக்கக் கூடாது என்பதுதான் எல்லா ஊரிலும் சட்டம். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று ஒருவன் அழுதான், அவனுக்கும் முடியாது. அவன் வெளியே போய் இவர் கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகுதான் இந்தச் சீட்டறையில் பெட்டி வந்தது, யார் மறுத்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று. இவருக்காக வந்த பெட்டி. அந்தப் பெண்டாட்டி பிழைத்தாளா? கேட்டதில்லை… கேட்டிருக்கலாம்.

மேற்பார்வைக்காரி ஜெனெல் மரப்பெட்டியோடு வந்தாள், ஒவ்வொரு உள்ளங்கையிலும் எண் போடாத பழைய வில்லைகள் இரண்டை வைத்தாள். "பச்சைன்னா சம்மதம், கறுப்புன்னா முடியாது. ஒண்ணைப் பெட்டில போடுங்க, மிச்சத்தை மூடியே வச்சிருங்க, அப்புறமா அதுக்கு வேற டப்பா கொண்டு வர்றேன். ஒரு தடவைதான், மறுபடி கேக்கக் கூடாது." டெல்மர் மேசை விளிம்புக்குக் கீழே கையை விரித்தார். ஒன்று கொஞ்சம் இருட்டு, ஒன்று கொஞ்சம் வெளுப்பு. வெளுப்புதான் பச்சை, வேறென்ன? வின்னமக்காவுக்குப் பிறகு முதல் தடவையாகச் சம்மதம் சொல்லப் போகிறோம், அதையும் எவனும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது, கீழறையின் ஜன்னல் ஞாபகம் வந்தது, ஆஸ்ட்ராண்டர் அம்மாள் அங்கே அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறாள், முட்டை வறுத்துக்கொள்ளலாம், யாரும் மணியடித்துச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள்… வெளுத்ததைப் பெட்டியில் போட்டார். டக்கென்று விழுந்தது.

ஜெனெல் பெட்டியைக் கவிழ்த்தாள். "மூணு பச்சை, ஒரு கறுப்பு. பிரிக்க முடியாது, ஆட்டம் தொடரும்." யாரும் ஆச்சரியப்படவில்லை, அதுதான் சுட்டது. லுவான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உன் நெஞ்சுல என்னய்யா இருக்கு, செங்கல்லா?" என்றாள். "நான் சம்மதம்னுதான் போட்டேன்" என்று இவர் சொல்லிவிட்டார், சொல்லியிருக்கக் கூடாது, ட்ரெவின் வாயிலிருந்த தண்ணீர் சிதறச் சிரித்தான். எச்செவெரி, "டெல்மர் சம்மதம்னு போட்டா என் கிடா குட்டி போடும்" என்றார். சிரிக்கட்டும். கறுப்பைப் போட்டவன் இந்த மூன்று பேரில் ஒருவன், சிரிக்கிறவனில் ஒருவன். எச்செவெரியா? வில்லை அதிகம் இருக்கிறவனுக்குச் சமபங்கு நஷ்டம், வாயால் கேலி, கையால் கறுப்பு. இந்தப் பையனா? இந்த வயசில் பணத்தைவிடக் கோப்பைதான் பெரிசு, இவருக்கும் அப்படித்தான் இருந்தது. இல்லை, லுவானேதானா? கேட்டதே அவள், யார் பயந்திருக்கிறான் என்று ஆழம் பார்க்கக் கேட்டுவிட்டு, தானே கறுப்பைப் போட்டுவிட்டு, இப்போது செங்கல் என்கிறாள், முடியாது என்ற பெயர் எடுத்தவன் ஒருவன் இருக்கும்போது திருடுவது எவ்வளவு சுலபம். ஆரினும் இப்படித்தான் சிரித்த முகம்.

"அப்ப மிச்சத்தைக் காட்டேன். சம்மதம்னு போட்டிருந்தா கையில கறுப்புதானே இருக்கணும்" என்றாள் லுவான். ஜெனெல் உடனே, "காட்டக் கூடாது லுவான், அதுக்குத்தானே பெட்டி" என்றாள். "அவனே காட்டுனா?" ஆமாம், காட்டினால் என்ன? சட்டம் போகட்டும், இதோ கறுப்பு, பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது யார் யோக்கியன் என்று ஒரே வீச்சில் மூன்று வாயையும் அடைக்கலாம், டெல்மர் மூடின கையை மேசை மேல் வைத்தார், பெருவிரலைத் தூக்கினார். விரலிடுக்கில் வில்லையின் ஓரம் தெரிந்தது. இருட்டு. இருட்டாகத்தான் இருக்கிறது… ஆனால் கறுப்பு என்றால் அது இருட்டாக இருக்க வேண்டும், இருட்டாக இருப்பதெல்லாம் கறுப்பா? பழைய வில்லை, ஆயிரம் கை பட்டது, கறுப்புத் தேய்ந்தால் வெளுக்காதா? பச்சை அழுக்கேறினால்? பெருவிரல் மறுபடி இறங்கியது. "பாத்தியா" என்றாள் லுவான் யாரிடமோ, மெதுவாக. கேட்க நாலு பேர் இருக்கிறார்கள், அம்மா இது என்ன நிறம் என்று ஒரு வார்த்தை, சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், ஆனால் கேட்டவன் செத்தான்.

ஜெனெல் தகர டப்பாவோடு வந்தாள். மூடின கையை உள்ளே விட்டுத் திறந்தார். அவள் முகம் டப்பாவைப் பார்த்ததா, இவரைப் பார்த்ததா, முகமே சாம்பலாகத்தான் தெரிந்தது, ஒரு கணம் அதிகமாக நின்றாளோ? போய்விட்டாள். சீட்டு வழுக்கிக்கொண்டு வந்தது, ஒன்று, இன்னொன்று. ட்ரெவின் எல்லா வில்லைகளையும் நடுவில் தள்ளினான், இவர் முறை வர இன்னும் ஒரு ஆள். டெல்மர் சீட்டின் மூலையைத் தூக்கவில்லை. மேசைக்கடியில் இரண்டு காலையும் மெல்ல முன்னால் நீட்டி, வெளிச்சம் விழுகிற இடம் வரை நீட்டி, கால்சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துக் குனிந்து பார்த்தார். இரண்டு காலுறைகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன.