மூன்றாம் வரிசையின் வலது ஓரம்

எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் பழைய சிப்பாய்கள் ரயில் நிலையத்திலிருந்து பாலத்து முனை வரை அணிவகுத்து நடப்பார்கள். அன்று எல்லாரும் யாராவது ஒருவரைப் பார்க்கப் போவார்கள்: தாத்தாவை, மாமனாரை, பக்கத்து வீட்டுக்காரரை. அம்மாவும் நானும் ஓர் இடத்தைப் பார்க்கப் போவோம். மூன்றாம் வரிசையின் வலது ஓரத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு யாரும் இல்லாத இடம். அது அப்பாவின் இடம்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. அணிவகுப்பு எங்கள் கடை வாசல் வழியாகத்தான் போகும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, நான் பிறப்பதற்கும் முன்பே, அம்மா நிற்கும் இடம் அந்த வாசல்தான். வெயிலோ மழையோ, அங்கே நின்று அந்தக் காலியிடம் நடந்து போவதைப் பார்ப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டால் அதை விடுவதற்குள் கடந்து போய்விடும். அவ்வளவுதான். அதற்கு அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த அணிவகுப்பை யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. போர் முடிந்து எங்கள் ஊர்க்காரர்கள் ரயிலில் வந்து இறங்கிய அன்று, அவர்கள் வருவதே யாருக்கும் தெரியாது. வண்டி எதுவும் வரவில்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். மூன்று மூன்று பேராக நடந்தே பழகிய கால்கள் அன்றும் அப்படியே நடந்தன. முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பாதி முகத்துச் சோப்போடு எழுந்து வந்து வாசலில் நின்றாராம். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை முடிந்து இந்தக் கடை வாசல் வழியாக வந்துகொண்டிருந்தாள். நான் அவள் வயிற்றில் இருந்தேன். எல்லா முகங்களையும் பார்த்து முடித்த பிறகுதான் மூன்றாம் வரிசையில் அந்த இடம் கண்ணில் பட்டது என்பாள். பின்னால் வந்த யாரும் முன்னேறி அதை நிரப்பவில்லை.

அப்பா இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. காணவில்லை என்றார்கள். இருட்டில் ஓர் ஆற்றைக் கடந்தார்கள். அக்கரையில் தலை எண்ணியபோது ஓர் ஆள் குறைந்தது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

மறுவருடம் அதே நாளில், யாரும் கூப்பிடாமலே அவர்கள் ரயில் நிலையத்தில் வந்து கூடினார்கள். அப்படியே வழக்கமாகிவிட்டது. மூன்றாம் வருடம் வாத்தியக் குழு வைத்தார்கள். கிடைத்தது கல்யாண வாத்தியக் குழு. அவர்களுக்குக் கல்யாணப் பாட்டுகள் மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாசிக்கும் பாட்டுக்கு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நடக்க எல்லாரும் பட்ட பாட்டை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு வருடம் நகரமன்றத் தலைவர் பேசிய பேச்சில், முன்வரிசைக்காரர் ஒருவர் நின்றபடியே குறட்டை விட்டார். பிறகு சீருடைகள் சிறுத்துப்போயின, அல்லது வயிறுகள் பெருத்துப்போயின. பிறகு கைத்தடிகள் வந்தன. ஒரு சக்கர நாற்காலி வந்தது. ஆட்கள் குறைந்தார்கள். அந்த இடத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

வீட்டில் அப்பாவின் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதில் அவர் கேமராவைப் பார்க்காமல் ஓரமாக நிற்கும் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அந்த யாரோவாக நான் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். சிறுவயதில் கடை வாசலில் நின்றபடி அம்மாவைக் கேட்பேனாம்: "இன்னிக்கு அப்பா என்ன சட்டை போட்டிருக்காரு?" அம்மா அசராமல் சொல்வாளாம்: "யூனிஃபார்ம்தான். பரேடுக்கு வேற என்னத்தைப் போட்டுட்டு வருவாரு?"

அந்த இடத்துக்குப் பக்கத்தில், வரிசையின் நடுவில் நடப்பவர் அரைக்கை மாமா. ஊருக்குக் குழாய் வேலை செய்பவர். அப்பாவோடு ஒன்றாகப் படையில் சேர்ந்தவர். நடக்கும்போது இடது கையைத் தோள் உயரத்துக்கு வீசுவார். வலது கை மட்டும் பாதியிலேயே நின்றுவிடும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். தெருப்பிள்ளைகள் பின்னாலேயே அவரைப் போல நடந்து காட்டுவார்கள். "தண்ணி நெறஞ்ச வாளியத் தூக்கிட்டுப் போற மாதிரி போறாரு பாரு," என்று அம்மாவும் சிரிப்பாள். கேட்டால், "தோள்ல கொஞ்சம் பிடிப்பு," என்பார். எங்கள் சமையலறைக் கூரையோரக் குழாயை ஏணியில் ஏறி அதே வலது கையால் அவர் திருகியபோது, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இந்த வருடம், அணிவகுப்புக்குச் சில நாட்கள் முன்பு, பழைய சிப்பாய்கள் சங்கத்தின் செயலாளரும் அரைக்கை மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும்.

"தங்கச்சி, தப்பா நினைக்கக் கூடாது."

"தப்பா நினைக்கிற மாதிரி எதையோ சொல்லப் போறீங்க. சொல்லுங்க," என்றாள் அம்மா.

"ஆளுங்க குறைஞ்சுட்டே போறாங்க. போன வருஷம் நாலு வரிசை. இந்த வருஷம் மூணுதான் தேறும். அதுலயும் கடைசி வரிசையில ஓட்டை இருந்தா, பாக்குறவங்களுக்குப் பல்லு விழுந்த வாய் மாதிரி…"

அரைக்கை மாமா இருமினார். செயலாளர் பேச்சை மாற்றினார்.

"புதுசா ஒரு பொண்ணு ஊருக்கு வந்திருக்கு. ராணுவத்துல ஆம்புலன்ஸ் ஓட்டினது, இப்ப ஸ்கூல் வேன் ஓட்டுது. அதுவும் நம்மளோட நடக்கணும்ல? இப்போதைக்குத் தனியா வால் மாதிரி பின்னால விட்டிருக்கேன். நீங்க சரின்னு சொன்னா அந்த இடத்தை அதுக்குக் குடுத்துடலாம். நீங்க சொன்னாத்தான். நீ என்னய்யா சொல்றே?"

"நான் குழாய்க்காரன்," என்றார் அரைக்கை மாமா. "குழாயைப் பத்திக் கேளு, சொல்றேன்."

அம்மா மடித்துக்கொண்டிருந்த போர்வையை முழுதாக மடித்து முடித்தாள். "இந்த வருஷம் அப்படியே இருக்கட்டும். பரேடு முடிஞ்சதும் சொல்றேன்."

அவர்கள் போனதும் நான் அம்மாவிடம் பாய்ந்தேன். "முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? என்ன யோசனை உனக்கு?"

"எத்தனை வருஷம்டி பாக்குறது."

"நீயாவது அவரோட இருந்திருக்கே. எனக்கு அந்த இடம் மட்டும்தான்."

அம்மா போர்வையைக் கட்டிலில் வைத்தாள். "உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? அந்த இடம் உங்கப்பா மாதிரியே இல்லடி. அவ்வளவு ஒழுங்கா, அவ்வளவு தள்ளி அவர் நடக்கவே மாட்டாரு. ஒட்டி ஒட்டித்தான் நடப்பாரு. பஸ் டிப்போ சுவர் ஓரமா வந்தோம்னா என்னைச் சுவத்துல தேய்ச்சுடுவாரு. வீட்டுக்கு வந்து பாத்தா தோள் முழுக்கச் சுண்ணாம்பு. எத்தனை திட்டு திட்டியிருக்கேன். இத்தனை வருஷமா அங்க நின்னு வேற யாரோ ஒருத்தரோட இடத்தைப் பாத்துட்டிருக்கேனோன்னு இருக்கு."

அம்மா விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் கடை வாசலில் நின்று எதைப் பார்ப்பேன் என்பதுதான் தெரியவில்லை.

அணிவகுப்பு நாளில் கடைக்கு விடுமுறை. இருந்தாலும் அம்மாவும் நானும் வாசலில் வழக்கமான இடத்தில் நின்றோம். மேளச் சத்தம் முதலில் வந்தது, பிறகு கொடி, பிறகு முதல் வரிசை. கடைக்குச் சற்று முன்னால் ஒரு ரவுண்டானா உண்டு. அதைச் சுற்றும்போது வரிசைகள் எப்போதும் கலைந்து பிசகும். செயலாளர் ஒவ்வொரு வருடமும் அங்கே விசில் ஊதி, "வரிசை சேர்," என்று கத்துவார். கிழவர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கடைசியில் தனியாக வந்த வேன்காரப் பெண் காதில் போட்டுக்கொண்டாள். முன்னால் ஓர் இடம் காலி, பின்னால் ஓர் ஆள், காதில் ஓர் ஆணை. ராணுவத்தில் பழகிய யாரும் செய்வதை அவளும் செய்தாள். இரண்டு எட்டு வேகமாக வைத்து, அப்பாவின் இடத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் அவளிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

தெருவோரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். செயலாளரின் வாயிலிருந்து விசில் நழுவித் தொங்கியது. அரைக்கை மாமா ஒரு நொடி தடுமாறிப் பிறகு தாளத்தைப் பிடித்துக்கொண்டார். நான் மூச்சை அடக்கியிருந்தேன். கடந்து போனது ஒரு பெண். வியர்த்த முகம், நிமிர்ந்த கழுத்து. நான் தெருவில் இறங்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடும்மா. அவளை யாரு அங்க வரச் சொன்னது?"

"நில்லுடி," என்றாள். அவள் கண்கள் அந்த வரிசை தெருக்கோடியில் மறையும் வரை அதை விடவில்லை.

பாலத்து முனைக் கூடத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அதற்குள் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கோப்பையைக் கூட எடுக்காமல் நேராக அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, தெரியாம பண்ணிட்டேன். சத்தியமா யாரும் சொல்லல. மன்னிச்சுடுங்க."

நான் பேச வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள். "அங்க நடக்க எப்படி இருந்துச்சு?"

"எங்க?"

"அந்த இடத்துல. நான் வெளிய நின்னுதான் பாத்திருக்கேன். உள்ள எப்படி இருக்கும்னு தெரியாது."

அந்தப் பெண் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு உண்மையாகவே யோசித்துச் சொன்னாள். "ரோடு அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவும்மா. வெயில் மூஞ்சில அடிக்குது. அப்புறம்… பக்கத்துல நடந்தாரே அந்தப் பெரியவர், அவர் என் பக்கத்துக் கையை வீசவே இல்ல. நான் இடிச்சுடுவேன்னு பயந்தாரோ என்னவோ. நான் அளவாத் தள்ளித்தான் நடந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னொரு ஆள் ஒட்டி நடக்கலாம், அவ்வளவு இடம் விட்டிருந்தாரு."

அம்மா கோப்பையை மேசையில் வைத்தாள். அரைக்கை மாமா சுவரோரம் நின்று பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணா, உங்க தோள்ல என்ன பிடிப்பு?"

அவர் பிஸ்கட்டைத் தவறவிட்டார். அது டீக்குள் மூழ்கியது.

"பிடிப்பெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. பயிற்சியில சேந்த முதல் நாள்லருந்து அவன் என் மேல ஏறி ஏறித்தான் நடப்பான். தள்ளி நடடான்னா ரெண்டு நாளைக்குத் தள்ளி நடப்பான், மூணாவது நாள் மறுபடி ஒட்டிக்குவான். கை மோதும். வரிசை கெட்டுப்போச்சுன்னு சார்ஜன்ட் என்னைத்தான் திட்டுவாரு. சரின்னு நானே கையைக் குறைச்சுக்கிட்டேன்."

"இன்னும் எதுக்கு?"

"முழுசா வீசினா அவனை இடிக்குமே," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போல இருந்தது. "நான் என்ன பண்றது தங்கச்சி. ஒவ்வொரு வருஷமும் இந்தத் தடவை வீசிடணும்னுதான் கெளம்புறேன். கை கேக்க மாட்டேங்குது."

கூடத்தின் சத்தம் எங்களைச் சுற்றி இருந்தது. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எவ்வளவு ஒட்டி நடப்பாரு மாமா? காட்டுங்களேன்."

அவர் கோப்பையை வைத்துவிட்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே என்னைத் தன் வலது பக்கத்தில் நிறுத்தினார். "கிட்ட வா. இன்னும். அட, வாம்மா, கடிச்சிட மாட்டேன். இன்னும் கொஞ்சம்." என் தோள் அவர் சட்டையில் உரசியது. "ஆங். இங்கதான் இருப்பான்." நாங்கள் நாலைந்து எட்டு நடந்தோம். அவருடைய வலது கை பாதி தூரம் போய், என்னைத் தொடாமல் திரும்பியது.

செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "தங்கச்சி, விசில் ஊதினது என் தப்பு. அடுத்த வருஷம் நீங்க சொல்ற மாதிரியே…"

"அந்தப் பொண்ணு அங்கயே நடக்கட்டும்," என்றாள் அம்மா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆனா இந்த அண்ணன் கையை மட்டும் யாரும் திருத்தக் கூடாது."

"அதை யாரு திருத்துறது? நான் விசில் ஊதியே ஓஞ்சு போயிட்டேன்," என்றார் செயலாளர்.

வீட்டுக்குத் திரும்ப டிப்போ வழியாகத்தான் வர வேண்டும். அந்த நீளச் சுவருக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். அம்மா எப்போதும் போலச் சுவரோரமாகவே நடந்தாள். வண்டிகளுக்குப் பயந்து அப்படி நடக்கிறாள் என்று நினைத்து, பூனை மாதிரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாயே என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்று பின்னாலிருந்து பார்த்தேன். சாலையில் வண்டியே இல்லை. அவளுக்கு வெளிப்பக்கமாக ஓர் ஆள் ஒட்டி நடக்கும் அகலத்துக்கு நடைபாதை காலியாக இருந்தது.

எட்டி நடந்து அவள் பக்கத்தில் போனேன். மாமா காட்டிய அளவுக்கு நெருங்கினேன். இன்னும் கொஞ்சம். என் தோள் அவள் தோளில் பட்டது. அவள் சுவரோடு ஒதுங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை, திட்டவும் இல்லை. நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

டிப்போ வாசல் வரும் வரை அப்படியே நடந்தோம். அவளுடைய மறுபக்கத்துத் தோளில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"சுண்ணாம்பும்மா. தட்டி விடட்டுமா?"

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்," என்றாள். "நீ நட."