மூன்றாவது சினை

தவமலர் மச்சாள் ஃபிரிட்ஜிலிருந்து போத்தலை எடுத்துக் குப்பை வாளிக்குள் கவிழ்க்கப் போன நேரம்தான் சந்திரவதனா குசினிக்குள் வந்தாள்.

"மச்சாள், அதை வையுங்கோ."

"மீன் சினையெல்லோ வதனா! செத்தவீட்டில இதை வச்சிருக்கலாமே?"

"வையுங்கோ எண்டுறன்."

சந்திரவதனாவின் கணவர், மச்சாளின் தம்பி, ஜெயரட்ணம் நேற்றுக் காலை கராஜுக்குள் விழுந்தவர், ஆம்புலன்ஸ் வருமுன்னரே போய்விட்டார். தகனம் சனிக்கிழமை. அதுவரை கிரான்பர்ன் வீட்டின் ஹோலில் அவள் கதிரையில் இருந்து அழவேண்டும் என்பது வந்தவர்களின் எதிர்பார்ப்பு.

ஓய்வு பெற்றபின் ஜெயரட்ணத்துக்குப் பிடித்த பைத்தியம் ஸ்டீல்ஹெட். கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் மீன். அமெரிக்கக்காரர் மீன் முட்டைக் கொத்தான சினையை இரையாக்கி அதைப் பிடிக்கும் வீடியோக்களை நாள் முழுக்கப் பார்ப்பார். "இங்க அது இல்லையப்பா," என்று அவள் சொன்னால், "எங்கட ஏரியில நிக்கிற ட்ரவுட்டும் அதே சாதிதான். கடலுக்குப் போகேல்ல, அவ்வளவுதான்," என்பார்.

சினையைப் பதப்படுத்த இருவரும் சேர்ந்துதான் பழகினார்கள். முதல்முறை உப்புக் கூடி ரப்பராய் இறுகியது. அடுத்தமுறை தண்ணீர் விட்டுக் கூழானது. மூன்றாவதைத் திங்கள் பின்னேரம் அவளே அளந்து போட்டாள்: உப்பு, சீனி, சிவப்புச் சாயப்பொடி. மறுநாள் எடுத்து உலர்த்த வேண்டியது. மறுநாள்தான் அவர் விழுந்தார்.

போத்தலைத் திறந்தாள். ஒரு முட்டையும் உடையவில்லை. மேசையில் கடதாசி விரித்துச் சினையைப் பரப்பினாள். சற்று உலர்ந்ததும் கத்தரிக்கோலால் சிறு கொத்துகளாக வெட்டத் தொடங்கினாள். குசினி வாசலில் சனம் கூடியது.

"கையைக் கழுவு வதனா. விரலெல்லாம் சிவப்பு. சனம் பாக்குது," என்றாள் மச்சாள்.

"பாக்கட்டும்."

கொத்துகளை டப்பாவில் அடுக்கி, மூலையில் நின்ற அவருடைய தூண்டில் தடியையும் கார்ச் சாவியையும் எடுத்தாள். மகள் தாரிணி எழும்பி வந்தாள்.

"அம்மா, வெயார் ஆர் யூ கோயிங்?"

"ஏரிக்கு."

"தனியவோ? நீங்க ஒருநாளும் தூண்டில் எறிஞ்சதில்லையே!"

"கொப்பா எறியேக்க பாத்தனான்தானே."

மச்சாள் கதவடியில் மறித்து நின்றாள். அவளுடைய கண்களும் அழுது வீங்கியிருந்தன. "என்ர தம்பி அங்க சவச்சாலையில கிடக்கிறான். நீ மீன் பிடிக்கப் போறியோ? என்ன மனமடி உனக்கு?"

"அவரைக் கொண்டுபோனவன் என்னட்டக் கேட்டே கொண்டுபோனவன்? நானும் ஒருதரிட்டையும் கேக்கேல்ல மச்சாள். வழியை விடுங்கோ."

மச்சாள் மெல்ல விலகினாள்.

ஏரியில் காற்று முகத்தில் அறைந்தது. முதல் எறி நாணலில் சிக்கியது. அடுத்தது காலடியில் விழுந்தது. ஐந்தாவது எறியில்தான் தூண்டிலின் மிதப்பு எட்டப்போய் நின்றது. கால்மணி நேரம் கழித்து அது தலையை ஆட்டியது, பிறகு சட்டென்று உள்ளே போனது. தடி வளைந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் முழுப் பலத்தோடும் இழுத்தாள். வெள்ளியாய் ஒரு மீன் துள்ளி எழுந்து, தலையை உதறி, தூண்டில் முள்ளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

வெறும் முள் காற்றில் ஆடியது.

பொக்கற்றுக்குள் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. விறைத்த விரல்களால் இன்னொரு கொத்தைக் குத்தினாள். சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அவள் இன்னும் ஓரடி முன்னால் போய் நின்று எறிந்தாள்.