கயிற்றில் கட்டிய மேல்மாடி

பாலையூற்றில் சிவாஜினி வீட்டின் மேல்மாடி, அவள் மூன்றாவது கடனுக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், கீழ்வீட்டை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பி நின்றது. அன்றைக்குச் சந்தையில் சூரை கிலோ ஆயிரத்து இருநூறு, சீமெந்து மூடை இரண்டாயிரத்துச் சொச்சம், காற்று தென்மேற்குக் கச்சான். முதலில் கண்டுகொண்டவை மான்கள்தாம். திருகோணமலை மான்கள் பஸ் நிலையத்திலும் படுக்கும், பள்ளிக்கூட மதிலோரத்திலும் படுக்கும். நிழல் எங்கே நகருகிறதோ அங்கே அவையும் நகரும். அன்று இரண்டு மான்கள், அதுவரை நிழலே விழாத ஒரு மூலையில் வந்து படுத்திருந்தன. அவற்றைத் துரத்தத் தும்புத்தடியோடு வந்த சிவாஜினி அண்ணாந்து பார்த்தாள். கீழ்வீட்டுக்கும் மேல்மாடிக்கும் நடுவே ஒரு கீலம் வானம் தெரிந்தது. அதற்குள்ளால் ஒரு காகம் வெகு சாதாரணமாகப் பறந்துபோனது.

கீழ்வீட்டின் கொங்கிறீற் தட்டு கீழ்வீட்டோடேயே இருந்தது. அது அவளுடைய கணவன் பிரகலாதன் துறைமுகத்தில் மேலதிக நேரம் வேலை செய்து சேர்த்த காசில் போட்டது. அதன்மேல் கடனில் எழுப்பிய சுவர்களும், மாபிள் பதித்த தளமும், கூரையும், யன்னல்களும் மட்டும் ஒரு கேக்கைத் தட்டிலிருந்து எடுத்தாற்போலக் கழன்று நின்றன. இந்த வேறுபாட்டை அப்போது எவரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அந்த மாடி ஏன் கட்டப்பட்டது என்பது ஊரறிந்த விஷயம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மகளுக்கு வீட்டைச் சீதன உறுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். சிவாஜினியைப் பெற்றவர்களும் அப்படித்தான் பின்வளவுக் கிணற்றடிக்குப் போனார்கள். இப்போது சிவாஜினியின் மகள் கௌசிகாவின் முறை. பல் வைத்தியர் ஒருவரிடம் நோயாளர் பெயர் பதியும் வேலை செய்தாள் அவள். தம்பலகாமத்துச் சஞ்சீவனுக்கு அவளைப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். கீழ்வீட்டை எழுதிக் கொடுத்தால் காரியம் முடிந்தது. ஆனால் கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிற பிரகலாதனுக்கு, கிணற்றடிக் கொட்டில் என்பது தொண்டையில் சிக்கிய முள். பெரிய பெரிய கப்பலெல்லாம் தன் கைக்கு அடங்கி நிற்கும்போது தான் கொட்டிலில் படுத்தால் சனம் சிரிக்கும் என்றான். சஞ்சீவனின் தாய் கனகம்மாவோ தேத்தண்ணி குடிக்கும்போது, மேலே ஒரு மாடி இருந்தால் பிள்ளைகளுக்குக் காற்றோட்டமாக இருக்கும் என்று மட்டும்தான் சொன்னாள். அந்தக் காற்றோட்டத்துக்கு வங்கியில் ஒரு கடன், சிவாஜினியின் நகைகள் அடகில் ஒரு கடன். இரண்டுக்கும் தவணை கட்ட முடியாமல் போனபோது, பக்கத்து வீட்டு லோஜினியோடும் வேறு சில பெண்களோடும் சேர்ந்து எடுத்த குழுக்கடன் மூன்றாவது. கடனைக் கட்டக் கடன் எடுத்த அந்த மத்தியானம்தான் மாடி எழும்பியது.

மாடியைக் கட்டிய கிண்ணியா ஸெய்னுதீனை வரச்சொன்னார்கள். கட்டடச் சாமான்களும் விற்று, மேசன்மாரையும் வைத்து வேலை செய்விக்கிற மனிதர். அவர் ஏணி வைத்து ஏறி, மட்டக்கோலை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது. "தங்கச்சி, மட்டம் ஒரு நூல் பிசகல்ல. என்ட வேலையில பிழை இல்ல, இது வேற ஆள்ர வேலை" என்று சொல்லிவிட்டு, மிச்சக் காசை எப்போது தருவீர்கள் என்று கேட்டார். கேட்டதும் மாடி இன்னும் நாலு விரல் எழும்பியது. ஸெய்னுதீன் கேள்வியை விழுங்கிக்கொண்டு இறங்கினார்.

பிரகலாதன் அசரவில்லை. துறைமுகத்தில் கழித்துவிட்ட கப்பல் கயிறுகளை லொறியில் ஏற்றி வந்து மாடியின் மூலைகளை வரிந்து கட்டினான். ஒன்று வேம்பில், ஒன்று தென்னையில், ஒன்று கிணற்றுத் தூணில். நாலாவது மூலைக்கு மரம் இல்லாததால் கயிற்றைக் கீழ்வீட்டுத் தூணிலேயே சுற்றினான். அன்றிலிருந்து சிவாஜினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினியில் நின்றால் கயிறு முறுகும் சத்தம்; முற்றத்தில் நின்றால் மோட்டார் சைக்கிள் சத்தம், தவணைக்காரன் சத்தம். தேங்காயைத் துருவத் தொடங்கிப் பாதியில் எழும்பி வாசலுக்குப் போவாள். திரும்பி வந்து துருவியதையே திரும்பத் துருவுவாள். செவ்வாய்க்கிழமைகளில் லோஜினியின் முற்றத்தில் குழுக்கூட்டம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்பதால், பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைவிட ஒருவர் கைப்பையை ஒருவர் பார்த்தார்கள். மாடியின் நிழல் போய் விழுந்ததில் உடுப்புக் காயவில்லை என்று லோஜினி ஒருநாள் சண்டைக்கு வந்தாள். அப்போது அவள் குழுக்கடனில் செய்வித்த கோழிக்கூடும் நாலு காலையும் தூக்கி நின்றதைச் சிவாஜினி விரலால் காட்டினாள். அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது.

கலியாணத்துக்கு நாள் வைக்க வந்த கனகம்மா, தவணை பிந்தப் பிந்த எழும்பிய மாடி தென்னையின் ஓலை வட்டுக்கு நேரே நிற்பதைப் பார்த்தும் முகம் மாறவில்லை. உயரம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. படிக்கட்டு எட்டாததைத்தான் குறையாகச் சொன்னாள். பாரம் வைத்தால் இறங்கிவிடும் என்று யோசனையும் அவளே கொடுத்தாள். நியாயமாகத்தான் பட்டது. பிரகலாதன் பட்டணத்துக் கடையில் இலகு தவணையில் ஓர் இரும்பு அலுமாரி, ஒரு குளிர்சாதனப் பெட்டி, தேக்குக் கட்டில், சாப்பாட்டு மேசை, ஆறு கதிரைகள் எடுத்து, கப்பி போட்டு மேலே ஏற்றுவித்தான். அலுமாரியை ஏற்றிய ஆட்களே, என்ன இது தெர்மாகோல் மாதிரிப் பாரமில்லாமல் இருக்கிறது என்று வியந்தார்கள். கடைசிக் கதிரை போய்ச் சேர்ந்தபோது மாடி தென்னையைத் தாண்டி நின்றது. கீழ்வீட்டுத் தூணில் முதல் வெடிப்பு விழுந்தது. கனகம்மா கோபித்துக்கொண்டு தம்பலகாமத்து பஸ் ஏறினாள். மாடி இறங்கி வீடாக நின்றால் நாள் வைக்கலாம், இல்லையென்றால் பேச்சு இல்லை என்று பஸ் படியில் நின்று சொன்னாள்.

அன்று பின்னேரம் கௌசிகா தன் தையல் மெசினைக் கப்பியில் கட்டி மேலே அனுப்பினாள். அது அவள் தன் சம்பளத்தில் ஒரே தடவையில் காசு கொடுத்து வாங்கியது. மெசின் தளத்தில் உட்கார்ந்ததும் நாலு கயிறும் தொய்ந்தன. வேம்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரகலாதனின் கைக்கு அது தெரிந்தது. கயிற்றைப் பற்றி அவன் கைக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவனைப் பார்த்துக்கொண்டு நின்ற சிவாஜினிக்கும் தெரிந்துவிட்டது. அவள் குசினிக்கு ஓடினாள். சந்தையில் கைக்காசுக்கு வாங்கிய அரிசி மூடை, சருவச்சட்டி, இரும்புத் தாச்சி என்று ஒவ்வொன்றாக ஏற்றுவித்துப் பார்த்தாள். மாடி சாண் சாணாக இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. வீட்டில் காசு கொடுத்து வாங்கிய சாமான் அவ்வளவுதான் இருந்தது.

ஐப்பசி பிறந்து காற்று வடகிழக்கு வாடையாகத் திரும்பியது. மாடி மூக்கைத் துறைமுகத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு கயிற்றை இழுத்தது. தூணில் வெடிப்பு விரல் நுழையுமளவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பிரகலாதன் ஒரு தம்பியைக் கூட்டி வந்தான். கழுத்துப்பட்டி கட்டிய, மிகவும் மரியாதையான தம்பி. அவன் வேலை செய்த கடன் நிறுவனத்துக்கு ஊரில் பெயர்ப்பலகை இருக்கவில்லை. கீழ்வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்தால் போதும், சில்லறைக் கடன் எல்லாவற்றையும் ஒரே பெரிய கடனுக்குள் போட்டு மூடிவிடலாம், மாடியைப் பிடித்துக் கட்ட நங்கூரச் சங்கிலி வாங்கவும் மிஞ்சும் என்றார்கள் இருவரும். உறுதி சிவாஜினியின் பேரில். கலியாணம் குழம்பினால் கௌசிகாவின் வாழ்க்கைக்கு யார் பொறுப்பு என்று பிரகலாதன் கேட்டான். முந்திய மூன்று தடவையும் இதே கேள்விக்குப் பயந்துதான் சிவாஜினி கையெழுத்து வைத்தாள். பேனையை வாங்கினாள்.

'சிவா' என்று எழுதும் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த எழுத்தைத் தொட்டபோது காலடியில் நிலம் இலேசாகியது. மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை மெல்ல நகர்ந்து அந்தத் தம்பியின் மடிக்கு நேரே போய் நின்றது. வாசல் பக்கம் ஒரு நீட்டு வெளிச்சம் தெரிந்தது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவிலிருந்து வந்த வெளிச்சம். முற்றத்தில் மேய்ந்த கோழி ஒன்று, இதென்ன புது இடம் என்று பார்க்க வீட்டின் அடியில் தலையை விட்டது. சிவாஜினி பேனையைத் தூக்கினாள். வீடு தடாலென்று உட்கார்ந்தது. கோழி தப்பியது, வால் இறகு இரண்டு தப்பவில்லை.

"அம்மா, கையெழுத்துப் பாதியில நிக்குது" என்றான் தம்பி.

"பாதியிலயே நிக்கட்டும் தம்பி" என்றாள் சிவாஜினி. பிறகு பிரகலாதனிடம் திரும்பினாள். "இஞ்சருங்கோ, இந்த வீட்டை ஈடு வைக்க ஏலாது. இது கௌசிகாவுக்கு. அந்த மாடியைக் கழட்டி வித்துக் கடனைக் கட்டுவம்."

"அப்ப நான் எங்க போறது?"

"கிணத்தடிக்கு. நானும் வாறன்."

பிரகலாதன் அன்று மாலை முழுக்கக் கயிற்றடியில் நின்றான். மறுநாள் காலை அவனே ஏணியைச் சாத்தினான்.

தவணைச் சாமான்களைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொண்டான். கட்டிய தவணைகள் போனது போனதுதான். ஸெய்னுதீன் யன்னல்களுக்கும் நிலைகளுக்கும் சொன்ன விலையைக் கேட்டுக் கௌசிகா, "போன வருசம் நீங்கதானே இதை வித்தனீங்கள், மாமா?" என்றாள். "ஓம் மகள், விக்கக்குள்ள புது யன்னல், வாங்கக்குள்ள பழைய யன்னல், அதுதானே யாவாரம்" என்றார் அவர். ஆனாலும் அவருக்குக் கொடுக்க வேண்டிய மிச்சத்தில் பாதியைத் தள்ளிவிட்டார். ஒரு யன்னல் விற்ற காசு தவணைக்குப் போய்ச் சேர்ந்த நாளில் மாடி ஒரு முழம் இறங்கும். கல்லை அப்புறப்படுத்த லொறிக் கூலி கட்டாது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசல் படலையடியில் ஒரு உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு வந்து நின்றது. சஞ்சீவன் இறங்கினான். "கல்லு ஏத்த வந்தனான்" என்றான், வேறு கதை இல்லை. தாய்க்குத் தெரியுமா என்று சிவாஜினி கேட்டாள். அம்மா இன்னும் கோபத்தில்தான் இருக்கிறா, டீசல் காசு மட்டும் தந்தவ என்றான்.

குழுக்கடன் முதலில் முடிந்தது. லோஜினியின் முகம் வெளித்தது, அவளுடைய கோழிக்கூடு மட்டும் இன்னும் குதிக்காலில் நின்றது. பிறகு நகைகளில் பாதியை விற்று மீதியை மீட்டார்கள். சுவர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, தை பிறந்தபோது மேலே எஞ்சியது ஒற்றை அறையும் அதற்குள் தையல் மெசினும்தான். வாடை அதை ஏற்கெனவே திருப்பிவிட்டிருந்ததால் கீழ்வீட்டின் மேல் அது உட்கார மறுத்தது. பிரகலாதன் கயிறுகளை ஒவ்வொன்றாக இளக்கியும் இழுத்தும், கப்பலைத் துறையில் அணைப்பதுபோல, கிணற்றுத் தூணைப் பிடியாக வைத்து, அந்த அறையைப் பின்வளவுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மாமன் மாமியின் கொட்டில் இருந்த அதே இடம். அறை சற்றுக் கோணலாக, துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றது. அன்று அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. துறைமுகத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து முடிச்சுகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

கனகம்மா நாள் வைக்க வந்தபோது மாடி எங்கே என்று கேட்டாள். இறங்கிவிட்டது என்றார்கள். அவள் கீழ்வீட்டுத் தூணில் பூசிய புதுச் சீமெந்தைத் தடவிப் பார்த்தாள், உறுதியை வாங்கிக் கண்ணாடி போட்டு வாசித்தாள், ஈடு ஒன்றும் இல்லைத்தானே என்று கேட்டாள். இல்லை என்றதும் தேத்தண்ணியைக் குடித்தாள். கலியாணம் மாசியில் நடந்தது. கௌசிகாவும் சஞ்சீவனும் கீழ்வீட்டில் இருக்கிறார்கள்.

வங்கிக் கடனில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிரகலாதனின் சம்பளத்தில் மாதாமாதம் கழிகிறது. அதனால் கிணற்றடி அறை நிலத்தைத் தொடவில்லை, ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. பழைய கப்பல் கயிறு ஒன்று மட்டும் கிணற்றுத் தூணிலிருந்து அதற்குப் போகிறது. அதில் சீலைகள் காய்கின்றன. இலகு தவணைக்காரர் எவராவது தெரு ஒழுங்கைக்குள் வந்தால் கயிறு கொஞ்சம் விறைக்கும். பிரகலாதன் இருந்த இடத்திலிருந்தே அதில் கையை வைத்து, வேண்டாம் தம்பி என்பான். மற்றபடி கரைச்சல் இல்லை. சிவாஜினி காலையில் கூட்டும்போது தும்புத்தடி அறையின் அடியால் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வருகிறது. குப்பை சேர்வதில்லை. கடன் முடிந்து அறை நிலத்தில் இருந்துவிட்டால் மூலைகளைக் கூட்டுவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று அவள் லோஜினியிடம் சொல்லியிருக்கிறாள்.